கிறிஸ்துமஸ் வாரத்து இங்கிலீஷ் கால்பந்து: காசு கொடுத்துப் பார்ப்பவரின் விமர்சனம்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வாரத்தில் நடக்கும் தொழில்முறைக் கால்பந்தை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். டிக்கெட்டுக்கும் டிவி சந்தாவுக்கும் பயணத்துக்கும் நம் கையிலிருந்துதான் காசு போகிறது, அதனால் ஒரு ஓட்டலைப் பற்றியோ கடையைப் பற்றியோ எழுதுகிற மாதிரி இதைப் பற்றியும் நல்லது கெட்டதை எழுதலாம். ஒவ்வொரு டிசம்பரிலும் "பண்டிகை நேரத்தில் மேட்ச் வைக்கலாமா கூடாதா" என்ற பேச்சு கிளம்பும். பயிற்சியாளர்கள் கூடாது என்பார்கள், டிவிக்காரர்கள் வேண்டும் என்பார்கள், மைதானத்துக்குப் போகும் ஆளிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் அந்த ஆள். லண்டனில் குடும்பத்தோடு இருக்கிறேன், கத்தோலிக்கன், 24ஆம் தேதி இரவு நள்ளிரவுத் திருப்பலி எங்கள் வீட்டில் தவறாது, 26ஆம் தேதி மேட்சும் தவறாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 26ஆம் தேதி, அதாவது பாக்ஸிங் டே அன்று, மேட்ச் இருக்க வேண்டும். ஆனால் பகலில், பக்கத்து ஊர் அணிகளுக்கு இடையில், வீட்டுக்குத் திரும்பி வர வழி இருக்கிற நேரத்தில். 24ஆம் தேதி கூடாது. இரண்டு நாள் இடைவெளியில் ஒரே அணிக்கு இரண்டு மேட்ச் கூடவே கூடாது. இப்போது இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக் நமக்குத் தருவது இதில் பாதிதான், கீழ்ப் பிரிவுகள் தருவது கிட்டத்தட்ட முழுசும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பாக்ஸிங் டே அன்று கீழ்ப் பிரிவு மைதானம் ஒன்றுக்குப் போயிருக்கிறீர்களா? பிரீமியர் லீக்குக்குக் கீழே இருக்கும் சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ பிரிவுகளில் எதுவாக இருந்தாலும் சரி. முந்தின நாள் முழுக்க ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருக்கும். லண்டனில் கிறிஸ்துமஸ் அன்று ஒரு பஸ் ஓடாது, ஒரு டியூப் (நிலத்தடி ரயில்) ஓடாது, தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது, சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு நீண்ட நாள் என்பது இங்கே வந்து குடியேறியவர்களுக்குத் தெரியும். அடுத்த நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் மைதானத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களில் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து வரும். வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிள்ளைகள் பண்டிகைக்கு வந்தவர்கள், வருஷத்துக்கு ஒரே ஒரு மேட்ச் பார்க்கிறவர்கள், புதுசாகக் கிடைத்த ஸ்கார்பை அன்றுதான் முதல்முறை போட்டுக்கொண்டு வரும் சின்னப் பையன்கள், இவர்கள் எல்லாம் சேர்ந்தால் சாதாரண சனிக்கிழமையில் வராத ஒரு சத்தம் அந்த மைதானத்தில் வரும். எனக்கு முன் வரிசையில் உட்காரும் ஒரு பெரியவர் மற்ற நாட்களில் தனியாகத்தான் வருவார், பாக்ஸிங் டே அன்று மட்டும் மகனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த வரிசையில் அன்று அவர்தான் பேசிக்கொண்டே இருப்பார்.

டிக்கெட் விலையும் கட்டுப்படியாகும். பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 2016-17 சீசனிலிருந்து 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது, ஆனால் சொந்த ஊர் ரசிகருக்கு அப்படி எதுவும் கிடையாது, பெரிய கிளப்புகளில் டிக்கெட் கிடைப்பதே கஷ்டம். கீழ்ப் பிரிவில் குடும்பமாகப் போய்வரலாம், நின்றுகொண்டே பை (pie) என்ற பலகாரம் சாப்பிடலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். சாப்பாட்டைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஒரு மைதானத்தில் இடைவேளை தொடங்கிச் சில நிமிஷத்திலேயே சூடான சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். வருஷத்திலேயே அதிகமாகக் கூட்டம் வரும் நாள் அது என்று தெரிந்தும் வழக்கமான அளவுக்கே சமைத்திருந்தார்கள். குளிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு ஒரு சூடான சாக்லெட் கூட வாங்கித் தர முடியவில்லை. கிளப்பின் பெயர் வேண்டாம், ஆனால் இதைப் படிக்கும் எந்தக் கிளப்காரரும் அடுத்த டிசம்பருக்கு இரண்டு மடங்கு வாங்கி வைத்தால் நல்லது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்றைக்கு ஏன் சொதப்புகிறது என்பதும் புரியும். ஷெஃபீல்டு எஃப்சியும் ஹாலம் எஃப்சியும் சாண்டிகேட் மைதானத்தில் மோதிய, உலகின் முதல் கிளப் ஆட்டம் என்று சொல்லப்படும் அந்த ஆட்டம் நடந்தது 1860 டிசம்பர் 26இல். ஃபுட்பால் லீக் 1888இல் தொடங்கிய பிறகு கிறிஸ்துமஸ் அன்றே மேட்ச் வைப்பது சர்வசாதாரணமாக இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு விடுமுறை கிடைப்பதே அபூர்வம், கிடைத்த நாளில் அவன் மைதானத்துக்குப் போனான். 25ஆம் தேதி ஒரு ஊரில், 26ஆம் தேதி அதே எதிரணியோடு அடுத்த ஊரில் என்று பக்கத்துப் பக்கத்து அணிகளாகச் சேர்த்து அட்டவணை போட்டார்கள். முக்கியமான விஷயம், அன்று ரயிலும் பஸ்ஸும் ஓடின. 1950களில் மைதானங்களில் மின்விளக்குகள் வந்து வார நாட்களில் இரவு ஆட்டம் வைக்க முடிந்தது, வீட்டில் குடும்பத்தோடு இருக்கும் பழக்கம் கூடியது, கிறிஸ்துமஸ் அன்று வண்டிகளும் குறைந்தன. முழு அட்டவணையோடு கிறிஸ்துமஸ் அன்று ஆட்டங்கள் நடந்தது 1957தான் கடைசி. 1965இல் பிளாக்பூல் 4-2 என்று பிளாக்பர்னை ஜெயித்ததுதான் இங்கிலாந்தின் முதல் பிரிவில் கடைசிக் கிறிஸ்துமஸ் ஆட்டம். ஸ்காட்லாந்தில் 1976 வரைக்கும் நடந்தது, ஏனென்றால் அங்கே கிறிஸ்துமஸ் பொதுவிடுமுறை ஆனதே 1958இல்தான், புத்தாண்டுதான் அவர்களுக்குப் பெரிய பண்டிகை.

பெண்கள் கால்பந்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் இருக்க முடியாது. 1920இல் பாக்ஸிங் டே விடுமுறையில் குடிசன் பார்க் மைதானத்தில் டிக், கெர் லேடீஸ் அணிக்கும் செயின்ட் ஹெலன்ஸ் லேடீஸ் அணிக்கும் நடந்த மேட்சுக்கு சுமார் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் டிசம்பரிலேயே கால்பந்துச் சங்கம் பெண்களுக்கு லீக் மைதானங்களைக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது, அந்தத் தடை நீங்க ஐம்பது வருஷம் ஆனது. இப்போது பெண்கள் சூப்பர் லீக் கிறிஸ்துமஸ் சமயத்தில் குளிர்கால விடுமுறை எடுத்துக்கொள்கிறது. அவர்களுக்கு ஓய்வு தேவை, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு வருஷமாவது பாக்ஸிங் டே அன்று ஒரு பெரிய மைதானத்தை அவர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். குடும்பங்கள் வெளியே போக இடம் தேடும் நாள் அது, டிக்கெட் விலையும் அங்கே குறைவு, என் மகளைக் கூட்டிக்கொண்டு நான் முதல் ஆளாகப் போவேன்.

சரி, இப்போது குறைகள். பெரிய குறை பயணம்தான். பாக்ஸிங் டே அன்று நாட்டில் பெரும்பாலான ரயில்கள் ஓடுவதில்லை. லண்டனுக்குள் பஸ்ஸும் டியூப்பும் ஓரளவு ஓடும், ஊர் விட்டு ஊர் போக வேண்டுமென்றால் கார் வேண்டும், அல்லது ரசிகர்களுக்கென்று ஏற்பாடு செய்யும் கோச் பஸ்ஸில் போக வேண்டும். அப்படி ஒரு கோச்சில் நான் வெளியூர் ஆட்டத்துக்குப் போய், திரும்பும்போது மோட்டார்வேயில் ஹீட்டர் வேலை செய்யாமல் எல்லோரும் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்ததும், ஓய்வுக்காக நிறுத்திய இடத்தில் ஒரு கடை கூடத் திறந்திருக்காததும் மறக்கவில்லை. டிரைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் பண்டிகைக்கு மறுநாள் வீட்டை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். அவ்வளவு தூரத்து அணிகளை அந்தத் தேதியில் மோதவிட்ட அட்டவணைமேல்தான் கோபம்.

2025 பாக்ஸிங் டேயைப் பாருங்கள். பிரீமியர் லீக்கில் அன்று ஒரே ஒரு மேட்ச். மான்செஸ்டர் யுனைடெட், நியூகாசில், யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டில், இரவு எட்டு மணிக்கு. நியூகாசிலில் இருந்து மான்செஸ்டர் சாலை வழியாக 230 கிலோமீட்டர் இருக்கும். மேட்ச் முடியவே பத்து மணி, ரயில் கிடையாது, டிசம்பர் மாத இரவு, வீடு போய்ச் சேர நடுநிசி தாண்டி எவ்வளவு நேரமோ. மற்ற அணிகளின் ரசிகர்களுக்கு அன்று மைதானமே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் குடும்பத்தோடு போகிற அந்த நூற்றாண்டுப் பழக்கத்தை எடுத்துவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரு இரவுக் காட்சி மட்டும் வைத்தார்கள். மைதானத்துக்குப் போனவருக்கும் கஷ்டம், போக ஆசைப்பட்டவருக்கும் ஏமாற்றம். ஒரு சேவை என்று பார்த்தால், நான் பார்த்த வருஷங்களிலேயே மோசமான ஏற்பாடு இதுதான்.

லீக் சொன்ன காரணத்தையும் சொல்ல வேண்டும், அது வெறும் சாக்கு இல்லை. ஐரோப்பியக் கோப்பைகளில் ஆட்டங்கள் கூடிவிட்டன, எஃப்ஏ கோப்பை என்ற உள்நாட்டுக் கோப்பைப் போட்டிக்கும் வார இறுதிகள் ஒதுக்க வேண்டியிருக்கிறது, அதனால் லீக்குக்கு மொத்தம் 33 வார இறுதிகள்தான் மிஞ்சின, 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்ததால் அந்தச் சுற்றை வார இறுதிச் சுற்றாக நடத்த வேண்டியதாயிற்று. ஒரு அணிக்கு இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் 60 மணி நேரமாவது இடைவெளி கிடைக்கும்படி பார்த்துக்கொண்டதாகவும் சொன்னார்கள். அந்த 60 மணி நேரத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஐரோப்பாவில் ஆட்டங்களைக் கூட்டிக்கொண்டே போய்விட்டு, இடமில்லை என்று உள்ளூர் ரசிகனின் ஒரே ஒரு மதியத்தைப் பிடுங்குவது சரியில்லை. இந்தப் பக்கம் நான்கு வருஷத்துக்கு 6.7 பில்லியன் பவுண்டு டிவி உரிமத் தொகை, ஸ்கை சேனல் மட்டும் சீசனுக்குக் குறைந்தது 215 மேட்ச் காட்டுகிறது. அவ்வளவு பணம் கொடுப்பவர் கேட்கும் நேரத்தில்தான் ஆட்டம் வைப்பார்கள், அது புரிகிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து அன்று வெளியூர் ரசிகர்களுக்கு இலவசக் கோச் விடலாமே.

டிவியில் பார்ப்பதைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் 2024 வரை சில வருஷங்களில் பாக்ஸிங் டே சுற்றை அமேசான் பிரைம் காட்டியது. எல்லா ஆட்டத்தையும் ஒரே இடத்தில், மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரவு வரை தொடர்ச்சியாகப் பார்க்க முடிந்தது. வீட்டில் சமைத்தது மிச்சம் இருக்கும், பிள்ளைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள், உறவினர் வருவார்கள் போவார்கள், டிவி ஓடிக்கொண்டே இருக்கும். சோபாவில் பார்ப்பவருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. இப்போது ஸ்கை, டிஎன்டி என்று இரண்டு சேனல்களுக்கு இரண்டு சந்தா வேண்டியிருக்கிறது, அதுவும் 2025இல் அந்த நாளுக்கு அந்த ஒரு ஆட்டம்தான்.

24ஆம் தேதியைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் சூடாகத்தான் வரும். 2023 டிசம்பர் 24, ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வுல்வ்ஸ், செல்சி ஆட்டத்தை வைத்தார்கள். 1995க்குப் பிறகு பிரீமியர் லீக்கில் கிறிஸ்துமஸ் ஈவ் அன்று நடந்த முதல் மேட்ச். ரசிகர் அமைப்புகள் எதிர்த்தன, கேட்கவில்லை. வுல்வ்ஸ் 2-1 என்று ஜெயித்தது, ஆனால் அது பேச்சு இல்லை. இங்கிலாந்துக்காரர்களுக்கு 25ஆம் தேதி மதிய விருந்துதான் பண்டிகை என்பதால் 24ஆம் தேதியை வெறும் முந்தின நாளாக நினைத்துவிட்டார்கள் போல. ஜெர்மனிக்காரர்களுக்கும் போலந்துக்காரர்களுக்கும் போர்ச்சுகல்காரர்களுக்கும் 24ஆம் தேதி மாலைதான் குடும்பம் ஒன்றுகூடும் நேரம். நமக்கும் அப்படித்தான், தூத்துக்குடியிலோ மன்னாரிலோ வளர்ந்த யாரையும் கேளுங்கள், அன்று மாலை வீட்டைக் கழுவி, பலகாரம் சுட்டு, பிள்ளைகளைச் சின்னத் தூக்கம் போடவைத்து, நள்ளிரவில் கோயிலுக்குப் போவது வரைக்கும் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. பிரீமியர் லீக் அணிகளில் விளையாடுபவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர், அவர்களில் பலருக்கு அந்த மாலைதான் பண்டிகை. மைதானத்தில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டு, கேன்டீன் ஆள், துப்புரவுத் தொழிலாளி இவர்களிலும் வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர். 2024இலும் 2025இலும் 24ஆம் தேதி ஆட்டம் வைக்கவில்லை. நல்லது, அப்படியே இருக்கட்டும். விதியாகவே எழுதிவைத்துவிட்டால் இன்னும் நல்லது, இல்லையென்றால் வேறொரு வருஷம் வேறொரு சேனல் கேட்கும்போது மறுபடியும் தலைதூக்கும்.

அடுத்தது, வீரர்களின் உடம்பு. "கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள், ஓடினால் என்ன" என்று சொல்பவர்கள் எங்கள் ஸ்டாண்டிலும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்றாலும் தொடைத் தசை தசைதான். 2019இல் வுல்வ்ஸ் டிசம்பர் 27 இரவு 7:45க்கு மான்செஸ்டர் சிட்டியோடு ஆடி 3-2 என்று ஜெயித்தது, 29ஆம் தேதி மாலை 4:30க்கு லிவர்பூலோடு ஆன்ஃபீல்டில் ஆட வேண்டியிருந்தது. ஒரு கிக்ஆஃபிலிருந்து (ஆட்டம் தொடங்கும் நேரம்) அடுத்த கிக்ஆஃபுக்கு 45 மணி நேரம் கூட இல்லை. 1-0 என்று தோற்றார்கள். டிக்கெட் வாங்கினவனுக்கும் இது நஷ்டம்தான், ஏனென்றால் அவன் பார்க்க வந்த முதல் பதினொருவர் அங்கே இருக்க மாட்டார்கள், இருந்தாலும் எழுபதாவது நிமிஷத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். இப்போது ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்பதால் முன்னைவிடப் பரவாயில்லை, பெரிய கிளப்புக்குப் பரவாயில்லை என்று திருத்திச் சொல்ல வேண்டும், சின்னக் கிளப்பின் பெஞ்சில் அந்த அளவுக்கு ஆள் கிடையாது.

களைப்பு ஆட்டத்தை என்ன செய்யும் என்பதற்கு 1963 பாக்ஸிங் டேயைவிட நல்ல சாட்சி வேண்டாம். முதல் பிரிவில் அன்று பத்து ஆட்டம், 66 கோல். ஃபுல்ஹம் 10-1 என்று இப்ஸ்விச்சை அடித்தது, பிளாக்பர்ன் வெளியூரில் போய் வெஸ்ட் ஹேமை 8-2, பர்ன்லி 6-1 என்று மான்செஸ்டர் யுனைடெட்டை. ஃபுல்ஹமின் கிரஹாம் லெகட் மூன்று நிமிஷத்துக்குள் மூன்று கோல் போட்டார். இரண்டே நாள் கழித்து 28ஆம் தேதி அதே அணிகள் திரும்ப மோதின. இப்ஸ்விச் 4-2 என்று ஃபுல்ஹமைத் தோற்கடித்தது, வெஸ்ட் ஹேம் பிளாக்பர்னுக்கே போய் 3-1, யுனைடெட் 5-1 என்று பர்ன்லியை. மாற்று வீரர் என்ற ஏற்பாடே அப்போது கிடையாது, அது 1965இல்தான் வந்தது. கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும் கதைதான், நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் சேற்றில் புதைந்த கால்களோடு மாற்றிவிட ஆளில்லாமல் ஆடியவர்களின் கதை அது, இன்றைய வேகத்தில் அதைத் திரும்பச் செய்யச் சொல்வது கொடுமை.

"ஜெர்மனியைப் பார், ஸ்பெயினைப் பார், விடுமுறை விடுகிறார்கள்" என்று வாதம் செய்பவர்களுக்கு என் பதில், அவர்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை, நமக்கு இருக்கிறது. ஜெர்மனியின் புண்டஸ்லிகா லீக் டிசம்பர் மூன்றாவது வாரத்தோடு நிறுத்தி ஜனவரியில்தான் திரும்பும், அங்கே பனியும் அதிகம். இத்தாலி 2018இல் இங்கிலாந்தைப் பார்த்து 26ஆம் தேதி தன் உச்சப் பிரிவான சீரி ஆ ஆட்டங்களை வைத்தது. அன்றிரவு மிலானில் இன்டர், நாப்போலி ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்துக்கு வெளியே நடந்த மோதலில் ஒரு ரசிகர் இறந்தார், உள்ளே நாப்போலியின் கறுப்பின வீரர் காலிடு குலிபாலியைக் குரங்குச் சத்தம் போட்டு அவமானப்படுத்தினார்கள். தேதியின் மேல் பழி போட முடியாது, அந்த வெறி வருஷம் முழுக்க இருப்பது. ஆனாலும் அடுத்த சீசனில் அவர்கள் பழைய விடுமுறைக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு ஊரில் தானாக வளர்ந்த பழக்கத்தை டிவிக்காக இன்னொரு ஊரில் நட்டுவைத்தால் அது அப்படியே பிடித்துக்கொள்வதில்லை. பயிற்சியாளர்கள் கேட்கும் ஓய்வுக்கு என்ன வழி என்றால், பாக்ஸிங் டே ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஜனவரியில் இரண்டு வாரம் விடுங்கள். 2020இல் முதல்முறையாகப் பிப்ரவரியில் ஒரு இடைவெளி கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆக, யாருக்கு இது பரிந்துரை? இங்கிலாந்தில் இருப்பவர், அல்லது டிசம்பரில் உறவினர் வீட்டுக்கு வருபவர், முதல்முறை ஒரு மேட்ச் பார்க்க ஆசைப்பட்டால் பெரிய கிளப் பெயரைத் தேடி அலையாதீர்கள். தங்கியிருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய லீக் ஒன், லீக் டூ கிளப்பைப் பாருங்கள், பாக்ஸிங் டே அன்று சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தால் நவம்பரிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸ், பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஏதாவது சாப்பிட. பிளாஸ்க்கை உள்ளே விடுவார்களா என்பது கிளப்புக்குக் கிளப் மாறும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் ஐந்துக்கு நாலரை போடுவேன், அரை போனது அந்தச் சாப்பாட்டுக்காக. பிரீமியர் லீக்கின் 2025 ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு இரண்டு. அதில் ஒன்று 24ஆம் தேதியை விட்டுவைத்ததற்கு, இன்னொன்று அந்த 60 மணி நேரத்துக்கு.

2026இல் டிசம்பர் 26 சனிக்கிழமை வருகிறது. அந்த வருஷம் பாக்ஸிங் டே அன்று அதிக ஆட்டம் இருக்கும் என்று லீக் சொல்லியிருக்கிறது. சனிக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டத்தை இங்கே டிவியில் காட்டக் கூடாது என்ற விதி இருப்பதால் சேனல்கள் எத்தனை ஆட்டத்தை மாலைக்கும் இரவுக்கும் இழுப்பார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். அட்டவணை வெளியானதும் அணிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தையும் கிக்ஆஃப் நேரத்தையும்தான் நான் முதலில் பார்ப்பேன். ஐந்தாறு ஆட்டமாவது மூன்று மணிக்கு, பக்கத்து ஊர் அணிகளுக்கு இடையில் இருந்தால் இந்த இரண்டை நான்காக்கி மறுபடி எழுதுகிறேன்.